பெரு கோப்பி இனங்கள்

வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டைக்குப் போகும்போது இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் வீடுகளின் பின்வளவுகள். பெண்கள் பெட்டியில் கடல் பக்கத்து ஆசனத்துக்குத்தான் எப்போதும் அடிபிடி. அக்கா பம்பலப்பிட்டி வரை கடலைப் பார்த்துக்கொண்டு வருவார். அங்கே ரயில் நின்றதும் எழும்பி, எதிர்ப்பக்கம் இருக்கும் யாரையாவது கேட்டு இடம் மாறிக்கொள்வார். அந்தப் பக்கத்தில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? கொடியில் காயும் துணிகளும், கிணற்றடியில் வாளியோடு நிற்கும் ஆண்களும்தான். மற்றப் பெண்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அக்கா நேராகப் பார்ப்பார்.

"கடலை மட்டும் பாத்துக்கொண்டு போனால், கொழும்பிலை ஒருத்தரும் குளிக்கிறேல்லை எண்டு நினைச்சுப் போடுவம்" என்று எனக்கு விளக்கம் சொல்வார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள் அவை. கொட்டாஞ்சேனையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தையல் படிப்பித்தேன், அவர் பூமிசாஸ்திரம். இரண்டு பேரும் வெள்ளவத்தைக்காரர் என்பதால் ரயிலிலும் டிராமிலும் ஒன்றாகவே போய் வந்தோம். என்னைவிட எட்டு வயது மூப்பு, அதனால் எனக்கு அக்கா. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், தன் பெயரை மட்டும் போட்டுவிட்டுத் தன் அண்ணரின் பெயரை ஏன் விட்டீர் என்று கேட்கக் கூடியவர்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மற்றப்பக்கம் ரீச்சர்'. எதைச் சொன்னாலும் "ஒருபக்கம் பாத்தால்" என்று தொடங்குவார். பிறகு மூச்சு எடுத்துக்கொண்டு, "மற்றப் பக்கம் பாத்தால்" என்பார். இரண்டு பிள்ளைகள் ரிப்பனுக்காகத் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டால், நான் என்றால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு குட்டுக் கொடுத்து விஷயத்தை முடித்திருப்பேன். அக்கா இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி வைத்து முழுக்கதையும் கேட்பார். ஒருத்தி சொன்னதை மற்றவளைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். மத்தியான இடைவேளை முடிந்து மணி அடிக்கும்போது, பசியிலும் அலுப்பிலும் அந்தப் பிள்ளைகள் சிநேகிதமாகியிருப்பார்கள். ரிப்பன் யாருடையது என்பது கடைசிவரை தெரிய வராது.

எனக்குக் கலியாணம் பேசியபோது நான் செய்த முட்டாள்தனம், அவரிடம் அபிப்பிராயம் கேட்டது. மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று அக்காவும் எங்கள் வீட்டில் இருந்தார், மறுநாள் ரயிலில் கேட்டேன்.

"ஒருபக்கம் பாத்தால், தன்மையான ஆள். உம்மடை அம்மாவோடை கதைக்கேக்கை எழும்பி நிண்டு கதைச்சார். மற்றப் பக்கம் பாத்தால், அது குறட்டை விடுற மூக்கு."

"அப்ப முடிக்கவோ வேண்டாமோ அக்கா?"

"அது நான் சொல்லேலாது. எது எப்பிடி எண்டுதான் நான் சொல்லலாம்."

முடித்தேன். மூக்கைப் பற்றி அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. தன்மையைப் பற்றிச் சொன்னதும் சரிதான் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

அவர் ஏன் கலியாணம் முடிக்கவில்லை என்பதற்கு ஊரில் ஒரு கதை இருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு சம்பந்தங்கள் வந்தனவாம். எது நல்லது என்று இவர் எடை போட்டு முடிப்பதற்குள் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டனவாம். அவரிடமே கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, தாய் பாரிசவாதத்தில் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்ததைச் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இப்போது பெருவுக்கும் ஹோப்பிக்கும் வருகிறேன்.

புறக்கோட்டையில் பழைய கடதாசி விற்கும் கடை ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகும் வெள்ளைக்காரர்களின் வீட்டுப் புத்தகங்கள் அங்கே வந்து சேரும். கடைக்காரர் அவற்றைக் கிழித்து, பலசரக்குக் கடைகளுக்குச் சாமான் மடிக்கும் சரை சுற்றக் கொடுப்பார். அக்கா சனிக்கிழமைகளில் அங்கே போய், கிழிபடுவதற்கு முன்னால் பிடிக்கக் கூடியதைப் பிடிப்பார். அப்படிப் பிடித்தவைதான் அந்த இரண்டு புத்தகங்களும். ஒன்று தென்னமெரிக்காவில் பெரு நாட்டு மலைகளில் இருக்கும் குடியானவர்களைப் பற்றி ஒரு பிரயாணி எழுதியது. மற்றது வட அமெரிக்காவில், மழை அரிதான வறண்ட தேசத்தில், கல்மேடுகளின் உச்சியில் ஊர் கட்டி வாழும் ஹோப்பி என்ற செவ்விந்தியரைப் பற்றியது. இரண்டிலும் கடைசிப் பக்கங்கள் ஏற்கெனவே மிளகுச் சரையாகப் போய்விட்டிருந்தன.

வேறு யாராவது என்றால் ஒவ்வொன்றாக வாசித்து மூடியிருப்பார்கள். அக்கா ஒரு தடித்த கொப்பி வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் பெரு, வலப்பக்கம் ஹோப்பி. தண்ணீர், சாப்பாடு, வேலை, நெசவு, பள்ளிக்கூடம், வீடு என்று தலைப்புகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரு பேணி கோப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொப்பியில் ஹோப்பியைப் பற்றி எழுதுவார். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்.

அந்த இரண்டு சனங்களும் எங்களோடு டிராமில் வரத் தொடங்கினார்கள். பெருக்காரருக்கு மலை உச்சிப் பனி உருகி வாய்க்காலில் தண்ணீர் வரும், வருஷத்துக்கு ஒருமுறை ஊர் முழுக்கக் கூடி வாய்க்காலைத் துப்புரவாக்குவார்கள். ஹோப்பிக்காரருக்கு ஆறும் இல்லை வாய்க்காலும் இல்லை, மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிச் சோளத்தைப் போட்டுவிட்டு மழைக்காக ஆடிப் பாடிக் காத்திருப்பார்கள். பெருவில் உருளைக்கிழங்கை உறைபனியில் போட்டு, காலால் மிதித்துத் தண்ணீர் எடுத்து, காய வைத்து வருஷக்கணக்கில் வைத்திருப்பார்களாம்.

"எங்கடை ஒடியல் மாதிரி" என்றேன் நான்.

அக்காவின் முகம் பிரகாசித்தது. ஒரு கிழமை அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் ஒரு பானை கொண்டுவந்து, ஆசிரியைகள் அறையில் எல்லோருக்கும் பெருவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஊற்றினார். தலைமை ஆசிரியை இரண்டு கோப்பை குடித்தார், பெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

ஹோப்பிகளில் நெசவு ஆண்களின் வேலை. கலியாணப் பெண்ணுக்கு உடுப்பை மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் இருந்து நெய்து கொடுக்க வேண்டும். என் தையல் வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் என்ற தலைப்பில் மட்டும் சிரிக்க ஒன்றும் இல்லை. பெருவில் தோட்டத்துரைமாரின் நிலத்தில் கிழமைக்கு இத்தனை நாள் என்று வேலை செய்யும் குடியானவனின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. ஹோப்பிப் பிள்ளைகளை அரசாங்கம் தாய்மாரிடமிருந்து பறித்துக்கொண்டு போய், தலைமயிரை வெட்டி, தூரத்துப் பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்தது.

"எது மோசம் அக்கா?"

"பெருவிலை படிப்பில்லாத பிள்ளை தாயோடை இருக்குது. ஹோப்பியிலை படிக்கிற பிள்ளைக்குத் தாய் இல்லை." கொப்பியை மூடினார். "இதெல்லாம் போய்ப் பாத்தவை எழுதினது. அங்கை இருக்கிறவை எழுதினால் வேறை மாதிரி இருக்கும். அதையும் நீர் மனசிலை வைச்சிரும்."

எனக்கு இந்தச் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. நல்லது, கெட்டது, அவ்வளவுதான். சில நாட்களில் அவரோடு கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தலையிடி என்று படுத்திருக்கிறேன். ஆனாலும் அவர் வராத நாட்களில் அந்த ரயில் பயணம் வெறிச்சென்று இருக்கும்.

அவர் இருந்த வீடு வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. தகப்பன் கட்டியது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி மகளுக்குச் சீதனமாகப் போகட்டும் என்று, சாகும் முன்னரே அக்கா பேரில் உறுதிப் பத்திரம் எழுதிவிட்டார். வீடு இருந்தது, கலியாணம்தான் நடக்கவில்லை. தாயை அந்த வீட்டில்தான் பார்த்தார், அங்கிருந்துதான் சுடலைக்கு அனுப்பினார்.

அண்ணர் அரசாங்க உத்தியோகத்தர். மாற்றலாகி மாற்றலாகி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கொழும்பில் வாடகை வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கச்சியைப் பார்க்க வருவார், வெறுங்கையோடு வரமாட்டார். நல்ல மனிதர்தான். அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை டாக்குத்தர். மாப்பிள்ளை வீட்டார் கொழும்பில் ஒரு வீடு கேட்டார்கள். அண்ணரிடம் கொழும்பில் வீடு இல்லை. தங்கச்சியிடம் இருந்தது.

வீட்டை அந்த மகளின், அதாவது அக்காவின் மருமகளின், பேருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அக்கா எப்போதும் போல அங்கேயே ஒரு அறையில் இருக்கலாம். இதுதான் அண்ணர் கேட்டது.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நீங்கள் என்ன சொன்னியள்?"

"யோசிக்கோணும் எண்டனான். ஒருபக்கம் பாத்தால், என்ரை வீடு. மற்றப் பக்கம் பாத்தால், அந்தப் பிள்ளைக்கு நான்தானே தலை வாரி இழுத்து வளத்தனான். அண்ணையும் பாவம். வாழ்நாள் முழுக்க ஆரின்ரையோ வீட்டிலைதான் இருக்கிறார். யாழ்ப்பாணத்து வீடும் அண்ணியின்ரை சீதனம்."

இந்த மற்றப் பக்கம் அவருடைய வீட்டையே கொண்டு போகப் போகிறது என்று எனக்குப் பயம் பிடித்தது.

இந்தச் சமயத்தில்தான் கொட்டாஞ்சேனை வாசிகசாலைச் சங்கத்தார் மாதாந்தச் சொற்பொழிவுக்கு அவரைக் கேட்டார்கள். பெண் ஒருத்தி அங்கே மேடையேறுவது அதுதான் முதல் தடவை. அக்கா கொப்பியைத் தூக்கிக்கொண்டு தயாராகிவிட்டார். தலைப்பைத் தன் மணியான கையெழுத்தில் எழுதித் தந்தார்: 'பெரு, ஹோப்பி இனங்கள்: பொருளாதார சமூக நிலை, ஓர் ஒப்பீடு.' அச்சுக்கூடம் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தது நான். மறுநாள் புரூவ் பார்க்க வரச் சொன்னார்கள். எனக்கு அவசரம், போகவில்லை. இந்தப் பாவத்தை இன்றைக்காவது ஒப்புக்கொள்கிறேன்.

சொற்பொழிவு நாளன்று மாலை மண்டபத்தில் இருக்க இடமில்லை. சங்கத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வந்திருந்தவர்களைப் பார்த்து நான் யோசித்தேன். தேத்தண்ணிக் கடை முதலாளிமார், கோப்பித்தூள் இடித்து விற்பவர்கள், துருக்கித் தொப்பி போட்ட சோனக வியாபாரிகள் சிலர், மலைநாட்டுத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர். பூமிசாஸ்திரத்தில் கொட்டாஞ்சேனைக்கு இவ்வளவு பற்றா? முன்வரிசையில் அண்ணர் இருந்தார். பக்கத்தில் சம்பந்தியாகப் போகிறவர். குடும்பத்தின் படிப்பைக் காட்டக் கூட்டி வந்திருந்தார்.

மேசையில் இருந்த துண்டுப்பிரசுரத்தை அப்போதுதான் பார்த்தேன்.

'பெரு கோப்பி இனங்கள்: பொருளாதார நிலை.'

அச்சுக் கோப்பவர் பின்வரிசையில் நின்றார். ஓடிப்போய்க் கேட்டேன். மனிதர் பெருமையோடு சொன்னார்: "நான்தாங்க டீச்சர் திருத்துனேன். ஹோப்பின்னு எழுதிப்புட்டாங்க, அவசரத்துல. கமா வேற நடுவுல கெடந்துச்சு, எடுத்துட்டேன். கோப்பிக்கு ஏதுங்க சமூகம்? அதையும் எடுத்துட்டேன்."

அந்தக் காலத்தில் கோப்பி என்ற சொல்லுக்கு இலங்கையில் ஒரு மயக்கம் இருந்தது. தேயிலைக்கு முன்னால் மலையெல்லாம் கோப்பிதான், இலைநோய் வந்து எல்லாம் அழிந்தது. நோய்க்கு அசையாத பெரிய கோப்பி இனம் ஏதோ வந்திருக்கிறது என்று இத்தனை பேரும் நம்பி வந்திருந்தார்கள். தோட்டத்துக் கிழவர் எழுதிக்கொள்ள பென்சிலும் கொண்டு வந்திருந்தார்.

அக்கா மேடையில் பிரசுரத்தை எடுத்து வாசித்தார். மறுபடி வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அவர் எழும்பி விஷயத்தை உள்ளபடி சொன்னார். பிறகு சொன்னார்:

"ஒருபக்கம் பாத்தால், நீங்கள் ஏமாந்து போனியள். மன்னிக்கோணும். மற்றப் பக்கம் பாத்தால், ஹோப்பிச் சனத்துக்காகக் கொழும்பிலை இவ்வளவு பேர் கூடுறது இதுதான் முதலும் கடைசியும். போக விருப்பமானவை போகலாம். இருக்கிறவைக்கு, பெருவிலை எந்தச் சரிவிலை கோப்பி வளருது எண்டும் சொல்லுவன்."

மண்டபம் சிரித்தது. பாதிப்பேர் போனார்கள். பாதிப்பேர் இருந்தார்கள். இருந்தவர்கள் நன்றாகக் கேட்டார்கள். தண்ணீர், சாப்பாடு, வேலை, நெசவு என்று ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் வீட்டுக்கு வந்தார்.

"ஹோப்பியிலை வீடு பெண்ணுக்கு. தாயின்ரை வீடு மகளுக்கு. புருஷன் வந்து இருக்கிற ஆள். அவன் வயலிலை விளைவிச்ச சோளமும் வீட்டு வாசலுக்குள்ளை வந்தால் மனிசியின்ரை. பெருவிலை ஊர் கூடி வீடு கட்டிக் குடுக்கும், நிலத்திலை பங்கும் குடுக்கும். ஆனால் கலியாணம் முடிச்ச சோடிக்குத்தான். முடிக்காத ஆளை அங்கை முழு ஆளாக எடுக்கிறேல்லையாம்." ஒரு பக்கம் புரட்டினார். "எங்கடை யாழ்ப்பாணத்தார் இரண்டையும் சேத்து வைச்சிருக்கினம். வீட்டைப் பெண்ணுக்குக் குடுக்கிறது ஹோப்பி மாதிரி. கலியாணம் முடிச்சால்தான் குடுக்கிறது பெரு மாதிரி."

சம்பந்தியாகப் போகிறவர் தலையை ஆட்டினார். நன்றாகச் சொன்னார் என்று நினைத்திருப்பார். அண்ணர் அசையவில்லை.

அப்போது துருக்கித் தொப்பிக்காரர் ஒருவர், புறக்கோட்டையில் கோப்பித்தூள் மொத்த வியாபாரி, கையை உயர்த்தினார்.

"டீச்சர், எங்கட ஆக்களும் பொம்புளப் புள்ளக்கித்தான் ஊடு குடுக்கிற. ஒண்டு கேக்கணும். கலியாணம் முடிக்காம ஈக்கிற புள்ள, அது எங்க ஈக்கும்?"

அவருக்கு அக்காவைப் பற்றி எதுவும் தெரியாது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்கா கொப்பியைப் பார்த்தார்.

"ஹோப்பியிலை தாய் வீட்டிலை இருப்பா. அது அவவின்ரை வீடு. பெருவிலை, தமையன் வீட்டிலை ஒரு மூலையிலை இருப்பா எண்டு நினைக்கிறன், புத்தகத்திலை அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு. வெள்ளவத்தையிலை..." என்று நிறுத்தினார். "வெள்ளவத்தையிலை இன்னும் தீரேல்லை."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அண்ணர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து அக்கா ரயிலில் கொப்பியை என் மடியில் வைத்தார். புதுப் பக்கம், நடுவில் கோடு. இடப்பக்கம் 'மருமகள்', வலப்பக்கம் 'நான்'. மருமகளின் பக்கம் அடி வரை நிரம்பி வழிந்தது: வயது, டாக்குத்தர் மாப்பிள்ளை, பிறக்கப் போகும் பிள்ளைகள், அண்ணரின் மானம், அண்ணியின் கண்ணீர். 'நான்' என்ற பக்கத்தில் இரண்டே வரி. 'பழகிய இடம். ரயில் நிலையம் கிட்ட.'

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெருக்காரனுக்குப் பக்கம் பக்கமாக எழுதினியள். கண்ணாலையும் காணாத ஹோப்பிக்காரிக்கு எழுதினியள். உங்களுக்கு ரெண்டு வரியோ? ரயில் நிலையம் கிட்டவாமோ? உங்களுக்கு வெக்கமாயில்லையோ அக்கா?"

அன்று அவர் பம்பலப்பிட்டியில் இடம் மாறவில்லை. கொம்பனித்தெரு வந்தபோது பேனையை என் கையில் தந்தார்.

"என்ரை பக்கத்தை நீர் எழுதும். எனக்கு அது தெரியேல்லை."

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. ஓடுகிற ரயிலில் கேட்கவே வேண்டாம். ஆனாலும் எழுதினேன். தாயைத் தூக்கி இருத்திய கட்டில் அந்த வீட்டில் இருக்கிறது. காலையில் பின்கதவைத் திறந்ததும் வரும் கடற்காற்று. நான் என் வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் இருந்தது. புத்தகங்களை நிலத்தில் பரப்பிவிட்டுச் சாப்பிடாமல் கிடக்கலாம். கடைசியாக எழுதினேன்: 'இந்த வீட்டில் இவரை யாரும், இன்னும் இங்கேயா இருக்கிறாய் என்று கேட்க முடியாது.'

அதை அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது கோட்டை வந்துவிட்டது. இறங்க மறந்து இருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை அண்ணர் உறுதி எழுதும் நொத்தாரிசோடு வந்தார். சாட்சிக்கு என்று என்னையும் அக்கா கூப்பிட்டிருந்தார். நொத்தாரிசு உறுதியை எடுத்து விரித்தார். அக்கா முதலிலிருந்து கடைசி வரை, எல்லைகள், மரங்கள், கிணறு எல்லாம் விடாமல் வாசித்தார். பேனையை எடுத்தார். மூடிவைத்தார்.

"நான் ஒப்பம் வைக்கேல்லை அண்ணை."

அண்ணர் காத்திருந்தார். தங்கச்சியை அவருக்குத் தெரியும். இனி மற்றப் பக்கம் வரும், அதன் வாலைப் பிடித்துக் காரியத்தை முடிக்கலாம் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கும் அதே பயம்தான். மணிக்கூடு அடித்தது. நொத்தாரிசு தொண்டையைச் செருமினார். மற்றப் பக்கம் வரவே இல்லை. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

"உனக்கு அந்தப் பிள்ளையை விட இந்தச் சுவர் பெரிசாப் போச்சு" என்றார் அண்ணர். செம்பில் வைத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

மருமகளுக்கு அண்ணியின் யாழ்ப்பாணத்து வீட்டை எழுதிக் கொடுத்தார்கள். டாக்குத்தரும் ஊர் ஆஸ்பத்திரிக்கே மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். கலியாணத்துக்கு அக்காவுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குளித்து, நல்ல சேலை கட்டி, விறாந்தையில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் வரமாட்டார்கள். வீட்டை வைத்திருந்தது சரிதானா என்று ஒரு நாளும் அவர் என்னிடம் கேட்கவில்லை. ஆளே உருகிப் போனார்.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பாதி வெள்ளவத்தை ஊருக்கு ஓடியது. நாங்களும் ஓடினோம். அக்கா அசையவில்லை. யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது அண்ணர் ஓய்வு பெற்று, மகளோடு இருக்க யாழ்ப்பாணம் போயிருந்தார் என்று கேள்விப்பட்டோம். அண்ணி காலமான செய்தி தந்தியில் வந்தது. அக்கா போய்விட்டு மூன்றாம் நாளே திரும்பி வந்தார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் அக்காவோடு குசினியில் இருந்தேன். வாசல் படலையில் யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால் அண்ணர். காலடியில் ஒரு தகரப் பெட்டி. மெலிந்துபோன தோளில் சேர்ட்டு தொங்கியது. உள்ளே வராமல் நின்றார். அத்தனை வருஷம் நான் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் நாக்கில் வந்து நின்றன. அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்டியைத் தூக்கினார்.

"கைகால் கழுவிப்போட்டு வாங்கோ அண்ணை. சோறு ஆறுது."

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மருமகனைப் பற்றியோ மகளைப் பற்றியோ குறையாக ஒரு சொல் இல்லை. அது அவர்களுடைய வீடு, அவர்களுக்குப் பிள்ளைகள் கூட, இடம் போதாது, தனக்கு மாட்டுக் கொட்டிலோடு ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கித் தந்தார்கள் என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்த வீட்டில் போய் எனக்கு அறை தா என்று எப்படிக் கேட்கிறது என்றார். பிறகு சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"தங்கச்சி, நீ அண்டைக்கு ஒப்பம் வைச்சிருந்தால், இண்டைக்கு நான் ஆரின்ரை வாசலிலை வந்து நிப்பன்?"

அக்கா அண்ணரின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்து, அதன் மேல் குழம்பை ஊற்றினார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.